எந்த எழுத்துக்கு எந்தப் புலன்?

பட்டு நெசவு ஊரான ஆரணியில் முதல் வகுப்பை முடித்த ஒரு குழந்தையிடம் தகர வரிசையைச் சொல்லச் சொன்னால் த, தா, தி, தீ என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிடும். அதே குழந்தையின் முன்னால் ‘தூ’ என்ற ஓர் எழுத்தை மட்டும் தனியாக எழுதி வையுங்கள். பல குழந்தைகள் உடனே சொல்வதில்லை. உதடுகள் முணுமுணுக்கின்றன, சுவரில் தொங்கும் அட்டவணையில் அந்த எழுத்து இருக்கும் கட்டத்தை மனத்தில் தேடி, த-விலிருந்து வரிசையை ஓட்டி, ஆறாவது இடத்துக்கு வந்து ‘தூ’ என்கின்றன. அந்தக் குழந்தைக்கு எழுத்து தெரியாது, இடம்தான் தெரியும். இடத்தை மட்டும் அறிந்த குழந்தையால் ஒரு சொல்லைப் படிக்க முடியாது. ‘தூது’ என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்கே அது வரிசையை இரண்டு முறை ஓட்ட வேண்டும்; இரண்டாவது எழுத்தை எட்டுவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும்.

இது ஆரணிக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. ஊரகப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கணக்கெடுக்கும் ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 10.2 விழுக்காடு. பெருந்தொற்றுக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்த பிறகு, 2022இல், 4.8 விழுக்காடு. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் சேர்ந்துவிடும் ஒரு மாநிலத்தில், மதிய உணவு போட்டுப் பல தலைமுறைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்த ஒரு மாநிலத்தில், இந்த எண் நம்மை உறுத்த வேண்டும்.

இதற்குத் தீர்வாக இன்று அதிகம் பேசப்படுவது பல்புலன் வழி ஒலிப்பயிற்சி. ஆங்கிலத்தில் ஃபோனிக்ஸ் என்று பெயர் பெற்று, நகரத்துத் தனியார் பள்ளிகளிலிருந்து ஆரணி போன்ற ஊர்களின் மழலையர் பள்ளிகள் வரை வந்துவிட்டது. எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்காமல் அதன் ஒலியைச் சொல்லிக்கொடுப்பது, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது, அதைக் கண்ணாலும் காதாலும் மட்டுமல்லாமல் விரலாலும் உடல் அசைவாலும் பழக்குவது என்பது அதன் சாரம். இந்த முறை எங்கிருந்து வந்தது, அதற்குச் சான்று எவ்வளவு, தமிழுக்கு அது எப்படிப் பொருந்தும், பட்டுத்தறி ஓடும் ஒரு தெருவில் அதற்கு இடமிருக்கிறதா என்பவற்றை இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாப் புலன்களையும் எல்லா எழுத்துக்கும் கொட்டுவதால் பயன் சிறிதே. தமிழில் ஒவ்வொரு வகை எழுத்தும் குழந்தையை ஒவ்வொரு விதமாகத் தடுக்கிறது. அந்தத் தடைக்கு ஏற்ற புலனைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலன் இருக்கிறது.

தொட்டு எழுதிப் படிப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். இந்த மணலுக்கு ஒரு பெரிய பயணமும் வாய்த்தது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் பள்ளியில் அதைக் கொண்டுவர முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு சிறியவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார், அது பலித்தது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் நுழைந்தது. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டுக்காக அந்த முறை வரலாற்றில் பேசப்படுகிறது. மணல் தட்டும் அதனுடன் போனது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிவிடவும் எனக்கு மனமில்லை. 1822இல் தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பில் சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரியவந்தது. மக்கள்தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கும் மேல். பெண்களில் பெரும்பாலோருக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் அந்த மணல் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் நினைவாற்றலை நம்பியே படித்தார்கள். மனப்பாடம் அங்கே கல்வியின் முதுகெலும்பு. வரிசையை ஓட்டி எழுத்தைக் கண்டுபிடிக்கும் இன்றைய குழந்தை அந்த மரபின் ஒரு பாதியை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறது: ஓதுதல் வந்துவிட்டது, மணல் போய்விட்டது.

மணல் வேறு வடிவத்தில் சென்னைக்குத் திரும்பியும் வந்தது. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை அட்டையில் ஒட்டி, குழந்தை அவற்றை எழுதும் திசையிலேயே விரலால் தடவியபடி ஒலியைச் சொல்லும்படி செய்தார். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் அடையாறுக்கு வந்தார். போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாண்டிசோரி என்ற பெயரை இன்று பலகையில் எழுதிக்கொள்ளும் மழலையர் பள்ளிகள் நம் ஊர்களில் ஏராளம். உப்புத்தாள் எழுத்தைத் தடவும்போது வாய் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றும் பள்ளிகள்தான் குறைவு.

மேற்கில் இன்னொரு கிளையும் வளர்ந்தது. வாசிக்கத் திணறும் குழந்தைகளைப் பற்றி 1925இல் எழுதிய அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும், ஆனா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் சேர்ந்து உருவாக்கிய முறை, பார்த்தல், கேட்டல், சொல்லுதல், எழுதுதல் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் இணைப்பது. 1990களின் தொடக்கத்தில் உருவான சென்னை டிஸ்லெக்ஸியா சங்கம் போன்ற அமைப்புகள் வழியாக வாசிப்புக் குறைபாடுள்ள தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் பல்புலன் பயிற்சி வந்து சேர்ந்தது. 1992இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜாலி ஃபோனிக்ஸ், 42 ஒலிகளுக்கு 42 கையசைவுகளைக் கொடுத்து இதைச் சாதாரண வகுப்பறைக்குக் கொண்டுவந்தது.

இனி சான்றுகள். இதில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம் நேர்கிறது. எழுத்து - ஒலி உறவை முறைப்படி கற்பிப்பது பயன் தருகிறதா என்பது ஒன்று. அதனுடன் தொடுதலையும் அசைவையும் சேர்ப்பது கூடுதல் பயன் தருகிறதா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை ஐயமற்றது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முறையான ஒலிப்பயிற்சி பெற்ற குழந்தைகள் தெளிவாக முந்துகிறார்கள் என்றும், முதல் வகுப்பிலோ அதற்கு முன்போ தொடங்கினால் பலன் இன்னும் அதிகம் என்றும் கண்டது. ஸ்காட்லாந்தின் கிளாக்மனன்ஷயரில் ஏழாண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவில், ஒலிகளைக் கோத்துப் படிக்கப் பழகிய குழந்தைகள் சொற்களைப் படிப்பதில் தங்கள் வயதை விட மூன்றரை ஆண்டு முன்னே இருந்தார்கள். படித்ததைப் புரிந்துகொள்வதிலோ மூன்றரை மாதம்தான் முன்னே இருந்தார்கள். இந்த இடைவெளியை ஃபோனிக்ஸ் வகுப்புகளின் விளம்பரங்கள் சொல்வதில்லை. சொல்லை ஒலித்துப் படிக்கத் தெரிவது வாசிப்பின் வாசல். உள்ளே போவதற்குச் சொல்வளமும் கதையும் பேச்சும் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை அடக்கமானது. ஆர்ட்டன் - கில்லிங்ஹாம் முறையைப் பற்றிய ஆய்வுகளை 2021இல் தொகுத்துப் பார்த்தவர்கள், பிற பயிற்சிகளை விட அது உறுதியாக மேல் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றார்கள். ஆனால் தொடுதல் வெறும் அலங்காரம் என்றும் தள்ளிவிட முடியாது. பிரான்சில் புளோரன்ஸ் பாராவும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், புடைப்பு எழுத்துகளைக் கையால் தடவிப் பயின்ற மழலையர், கண்ணால் மட்டும் பயின்றவர்களை விடச் சொற்களைப் பிரித்துப் படிப்பதில் மேம்பட்டார்கள். 2005இல் மரீகே லாங்காம்ப் குழுவினர் கண்டது, கையால் எழுதிப் பழகிய குழந்தைகள் விசைப்பலகையில் தட்டிப் பழகியவர்களை விட எழுத்தை நன்றாக அடையாளம் காண்கிறார்கள் என்பது. எழுத்தின் வடிவத்தைக் கைதான் ஆழமாக நினைவில் வைக்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆனால் எழுத்தின் மேல் பஞ்சு ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் இதில் சேராது. அங்கே கை எழுதும் பாதையில் நகர்வதில்லை. வாயும் சும்மா இருக்கிறது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். ‘இந்தக் குழந்தை பார்த்துக் கற்கும் வகை, அந்தக் குழந்தை கேட்டுக் கற்கும் வகை’ என்று பிரித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று பல பயிற்சி முகாம்களில் சொல்கிறார்கள். 2008இல் ஹரால்டு பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். பல்புலன் பயிற்சி குழந்தைகளை வகை பிரிப்பதல்ல. ஒரே குழந்தையின் கண்ணும் காதும் வாயும் கையும் ஒரே ஒலியில் சந்திப்பது அது.

இவையெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் நடந்த ஆய்வுகள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வந்த ஆய்வில், பின்லாந்துக் குழந்தைகள் முதல் வகுப்பிலேயே தடையின்றிப் படித்தார்கள். ஆங்கிலக் குழந்தைகளுக்கு அந்த நிலையை எட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பின்லாந்தின் மொழியில் இருப்பதைப் போலத் தமிழிலும் சீரானது. அப்படியானால் நம் குழந்தைகள் ஏன் தடுமாறுகிறார்கள்?

விடை உயிர்மெய்யில் இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்து என்கிறோம். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், அந்த மொழியின் எழுத்துத் தொகுதியைக் குழந்தைகள் முழுவதும் கைக்கொள்ள மூன்றாம், நான்காம் வகுப்பு வரை ஆகிறது என்று 2007இல் காட்டினார். கன்னடம், தெலுங்கைப் போல மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்று ஒட்டும் கூட்டெழுத்து தமிழில் இல்லை, புள்ளி இருக்கிறது. இதனால் தமிழ் எழுத்துமுறை மற்ற இந்திய எழுத்துமுறைகளை விட அகரவரிசை எழுத்துக்கு நெருக்கமானது என்று புவனேஸ்வரியும் பிரகாஷ் படக்கண்ணாயாவும் தங்கள் ஆய்வில் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வசதியை நாம் வகுப்பறையில் பயன்படுத்துவதில்லை. 216 எழுத்தையும் 216 தனிப் படங்களாக ஓதவைக்கிறோம். துணைக்கால் கண்டால் ‘ஆ’ என்ற ஒரே ஒரு செய்தியைக் கற்ற குழந்தைக்குப் பதினெட்டு எழுத்தும் ஒரேயடியாகத் திறந்துவிடும். அந்தச் செய்தியை வெளிப்படையாகச் சொல்லாமல், குழந்தையே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். கெட்டிக்காரக் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுகின்றன. மற்றவர்கள்தான் அந்த ஏசர் அட்டவணையில் இருக்கிறார்கள்.

எல்லாக் குறியும் துணைக்கால் போல எளிதல்ல. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு இடப்பக்கம் நிற்கின்றன. ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ‘கே’ என்பதில் கண் முதலில் காண்பது இரண்டாவதாக ஒலிப்பதை. இடமிருந்து வலமாக ஒலிகளைக் கோத்துப் படி என்று ஆங்கில ஃபோனிக்ஸில் சொல்வதை இங்கே அப்படியே சொன்னால் குழந்தை ‘ஏக்’ என்று படிக்கும். ‘கோ’ இன்னும் கடினம். குறி இரண்டாகப் பிரிந்து மெய்யை நடுவில் வைத்துக்கொள்கிறது. இங்கே கண்தான் பயிற்சி பெற வேண்டும். கொம்பைக் கண்டால் நிறுத்தி, அடுத்த எழுத்தையும் அதற்கடுத்துக் கால் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கும் பழக்கம் அது. இரண்டு வண்ணச் சுண்ணக்கட்டி போதும்: குறி ஒரு நிறம், மெய் ஒரு நிறம்.

உகர, ஊகாரக் குறிகளின் நிலை வேறு. அங்கே குறி என்று தனியாக எதுவுமே இல்லை, எழுத்தோடு கலந்துவிடுகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். ஙு, சு, பு, யு, வு இன்னொன்று. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. இந்த மூன்று குடும்பங்களையும் பிரித்துக் காட்டி, விரலால் அந்த வளைவை மணலிலோ உப்புத்தாளிலோ தடவவைத்து ‘உ’ என்று சொல்லவைப்பது, வரிசையை நூறு முறை ஓதுவதை விட மேல். பல்புலன் முறை தன் முழு வலிமையைக் காட்டக்கூடிய இடம் தமிழில் இதுதான் என்பது என் கணிப்பு. கைக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது.

எழுத்தையே எளிதாக்கும் வழியையும் நம் முன்னோர் கையாண்டிருக்கிறார்கள். எ - ஏ, ஒ - ஓ வேறுபாட்டை வரிவடிவத்தில் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர். 1935இலேயே குடிஅரசில் பெரியார் நடைமுறைப்படுத்திய சீர்திருத்த எழுத்துகளில் ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் அரசாணையாக்கியது. அதற்கு முன் ‘ணை, லை, ளை, னை’ என்பவற்றுக்கு யானைத் துதிக்கை போன்ற தனி வடிவங்கள் இருந்ததை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். அந்த ஓர் ஆணை கோடிக்கணக்கான குழந்தைகளின் பாரத்தைக் குறைத்தது. எந்தக் கற்பித்தல் முறையும் அவ்வளவு மலிவாக அவ்வளவு பெரிய பயனைத் தந்ததில்லை. இகர, ஈகார, உகர, ஊகாரங்களையும் சீராக்க வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி வாதாடினார். அது நிறைவேறவில்லை. ஆகவே அந்தச் சுமை முதல் வகுப்பு ஆசிரியரின் தோளில் இருக்கிறது.

காதுக்கு உரிய வேலை குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும். பட்டு நெய்யும் ஊரில் இதற்குப் பாடநூல் தேவையில்லை. படு, பாடு, பட்டு, பாட்டு என்ற நான்கு சொற்களை அடுத்தடுத்துச் சொல்லுங்கள். நான்கும் ப, ட என்ற இரண்டே எழுத்துகளிலிருந்து பிறந்தவை. ஒரு கால், ஒரு புள்ளி எழுத்து, அவ்வளவுதான் வேறுபாடு. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பது, ஒற்றுக்கு நிறுத்தம் என்று உடலால் அளந்து பழகிய குழந்தை எழுதும்போது துணைக்காலை விடாது. மாத்திரைக்குக் கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் அளவாகச் சொன்ன தொல்காப்பியத்தின் மரபில் வந்தவர்களுக்கு இந்த யோசனை அந்நியமாக இருக்காது. அந்த நூலின் பிறப்பியல், நாவும் பல்லும் இதழும் அண்ணமும் எங்கே பொருந்தி எந்த ஒலி பிறக்கிறது என்று சொல்கிறது. ல, ள, ழ மூன்றையும் கற்பிக்க வேண்டிய புலன் வாய்தான். வட மாவட்டங்களின் பேச்சில் வாழைப்பழத்தின் ழகரம் யகரமாகவோ ளகரமாகவோ மாறிவிடுவதால், காதால் கேட்டு அந்த எழுத்தைப் பிரித்தறி என்று குழந்தையிடம் சொல்வது நியாயமாகாது. ஒரு சிறு கண்ணாடியைக் கையில் கொடுத்து நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லலாம். ந - ன வேறுபாட்டிலோ காதும் வாயும் உதவா. இன்றைய பேச்சில் இரண்டும் ஒன்றே. சொல்லின் முதலில் ‘ந’, தகரத்துக்கு முன் ‘ந்’ என்ற இட ஒழுங்கும் எழுதிய கையின் பழக்கமும்தான் அங்கே துணை.

அரிச்சுவடியில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று உண்டு. ‘இ’ என்ற எழுத்துக்கு இலைப் படம், ‘உ’ என்ற எழுத்துக்கு உரல் படம் போடுகிறோம். ஆரணித் தெருவில் வளரும் குழந்தைக்கு அந்தப் படத்தில் இருப்பது ‘எலை’, அது ‘ஒரல்’. படத்தைப் பார்த்து முதல் ஒலியைச் சொல் என்றால் குழந்தை ‘எ’ என்று சரியாகவே சொல்லும். நாம் தப்பு என்போம். தன் காதை நம்பக் கூடாது என்பதே அந்தக் குழந்தை கற்கும் முதல் பாடமாகிவிடும். ஒலிவழிக் கற்பித்தல் முழுவதும் குழந்தையின் காதின் மேல் கட்டப்படுவது. எனவே முதல் மாதங்களுக்கான சொற்களைப் பேச்சிலும் எழுத்திலும் ஒரே ஒலி உள்ளவையாகப் பொறுக்க வேண்டும்: இட்லி, ஈ, ஊசி, ஆடு, அம்மா. அதேபோல ‘நூல்’ என்று எழுதியிருப்பதைக் குழந்தை ‘நூலு’ என்று படித்தால் அது வாசிப்புப் பிழையல்ல, அதன் தாய்ப்பேச்சு. திருத்த வேண்டியதில்லை, ஆசிரியர் ‘நூல்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் போகலாம்.

மெய்யெழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ம் என்பதை ‘இம்’ என்றும் ட் என்பதை ‘இட்’ என்றும் சொல்லிக்கொடுக்கிறோம். குழந்தை ‘ப, ட, இம்’ என்று கோத்துப் பார்க்கிறது, ‘படம்’ வருவதில்லை. உதட்டை மூடி ‘ம்...’ என்று முனகிக் காட்டினால் ஒரே நாளில் அது விளங்கிவிடும். ட, ப, ம ஆகிய மூன்றும் அவற்றின் புள்ளி வடிவங்களும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. உகரம் சேர்ந்தால் மாடு, பட்டு, பாட்டு. அகர வரிசையில் ஔகாரத்தையும் ஙகர வரிசையையும் தாண்டி வர வேண்டிய கட்டாயமில்லை. அங்ஙனம், இங்ஙனம் போன்ற ஓரிரு சொற்களைத் தவிர வேறெங்கும் வராத ஙகர உயிர்மெய்களுக்காக ஐந்து வயதுக் குழந்தையின் நாட்களைச் செலவிடுவது அநியாயம். மாறாக, வரிசையில் இடமே இல்லாத ‘ஜ’ இந்த ஊர்க் குழந்தைக்கு வீட்டிலேயே வேண்டியிருக்கிறது: ஜரிகை.

இனி அந்த வீடு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்த ஊரிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நெய்யப்படுகிறது. தறியில் ஒருவர் உட்கார்ந்தால் தார் சுற்றவும் இழை எடுத்துக் கொடுக்கவும் இன்னொருவர் வேண்டும். கரையும் உடலும் வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்கு ஒரு பக்கக் கரையின் நாடாவை எறியவே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நெடுங்காலம் பல வீடுகளில் குழந்தையாக இருந்தது. காஞ்சிபுரம் முதலிய பட்டு நெசவுப் பகுதிகளில் கடனுக்குப் பிணையாகத் தறியில் அமர்ந்த சிறார்களைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் அறிக்கை வெளியிட்டது. 2009இன் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் குழந்தை உதவுவதை அனுமதிக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே உள்ள நேரம் வேறெதற்கு? கதை கேட்கவும் ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டவும்தான். புத்தகம் இல்லாத, பெற்றோர் இருவரும் கூலிக்கு நெய்துகொண்டிருக்கும் வீட்டில் அந்த நேரத்தைப் பள்ளியேதான் கொடுக்க வேண்டும்.

ஆகவே வீட்டுப்பாடத்தை நம்பி எந்த முறையும் இங்கே நிற்காது. அரசு எடுத்த முயற்சிகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகக் கல்வி மையத்தின் அட்டைமுறையிலிருந்து கற்று, 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சென்றது. ஆசிரியர் தரையில் குழந்தைகளோடு அமர்ந்ததும், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் நகரலாம் என்றானதும், குழந்தையின் உயரத்தில் கரும்பலகை வந்ததும் பெரிய மாற்றங்கள். அதன் பலவீனம், அட்டையை முடிப்பதே கற்றதாக எண்ணப்படும் அபாயம். ஒலியை ஆசிரியர் கேட்காமல் அட்டை மட்டும் நகர்ந்தால் கண் மட்டுமே வேலை செய்கிறது.

பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதற்கு மாறானது. தெருவிலேயே வாழும் தன்னார்வலர், பெரும்பாலும் இளம்பெண்கள், மாலையில் சிறு குழுவை உட்காரவைத்தார்கள். ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ந்த அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளி மூடலால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் மீட்கப்பட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். பெரிய கருவிகள் ஏதுமில்லை. பெற்றோர் தறியில் இருக்கும் மாலை நேரத்தில் குழந்தை படிப்பதைக் காது கொடுத்துக் கேட்க ஒருவர் இருந்தார். நெசவுத் தெருக்களுக்கு இதை விடப் பொருத்தமான ஏற்பாட்டை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை வகுப்பால் அல்லாமல் நிலையால், அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது; பாடலும் பொம்மலாட்டமும் செயல்பாடுகளும் நிறைய உண்டு. அரும்பு நிலையில் நிற்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தையை அரும்பு என்றே ஏற்றுக்கொண்டு அங்கிருந்து தொடங்கும் நேர்மை இதில் எனக்குப் பிடித்தது. செயல்பாடுகளின் மிகுதிதான் கவலை. ஒரு பாடலில் எழுத்து எங்கே இருக்கிறது, அந்தப் பொம்மையைப் பிடித்திருக்கும் கை எந்த ஒலியோடு சேர்கிறது என்று ஆசிரியரால் சொல்ல முடியாத செயல்பாட்டைத் துணிந்து விட்டுவிடலாம். அந்த நேரத்தில் நான்கு குழந்தைகளைத் தனித்தனியே படிக்கவைத்துக் கேட்கலாம்.

ஆங்கில வழிப் பிரிவுகளின் பெருக்கம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் அவை பரவின. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கின. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ பேசும் குழந்தை, பொருள் தெரியாத ஆங்கிலச் சொற்களின் ஒலிகளைக் கையசைத்துக் கற்கிறது. ஒலிகளைக் கோத்துச் சொல்லை எட்டும்போது ‘அட, இது எனக்குத் தெரிந்த சொல்’ என்ற மகிழ்ச்சி கிடைப்பதில்தான் ஃபோனிக்ஸின் உயிர் இருக்கிறது. தெரியாத மொழியில் அந்த மகிழ்ச்சி நேராது. முதலில் தமிழில் கோக்கக் கற்ற குழந்தை, ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற எழுத்துகளை எதிர்கொள்ளும்போது கோத்தல் என்ற செயலையாவது ஏற்கெனவே அறிந்திருக்கும். பெற்றோரின் ஆங்கில ஆசையை நான் குறை கூறவில்லை. கூலி குறைந்துவரும் தறியிலிருந்து பிள்ளையை விடுவிக்கும் வழியாக அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த ஊரிலேயே ஓர் ஒப்பீட்டைச் செய்து பார்க்கலாம். செலவு அதிகமில்லை. சில பள்ளிகளின் முதல் வகுப்புகளில் இப்போதுள்ள வரிசையே தொடரட்டும். வேறு சிலவற்றில் குறிகளை ஒவ்வொன்றாக, பேச்சோடு ஒத்துப்போகும் சொற்களைக் கொண்டு, உகரத்துக்கு விரல், நெடிலுக்குக் கை, ழகரத்துக்கு வாய், கொம்புக்குக் கண் என்று கற்பிக்கட்டும். ஆண்டிறுதியில் வரிசையைச் சொல்லவைத்துச் சோதிக்கக் கூடாது. ‘மீபு’, ‘டோலு’, ‘பெணா’ போன்ற பொருளற்ற சொற்களைக் கொடுத்து ஒலிக்கச் சொல்ல வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. பிறகு பார்த்திராத ஒரு சிறுகதையைப் படிக்கவைத்து, கதையில் என்ன நடந்தது என்று குழந்தையின் சொந்தப் பேச்சில் கேட்க வேண்டும். இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். கேட்பவர் அந்தத் தெருவின் பேச்சு தெரிந்தவராக, ‘எலை’ என்பதைப் பிழையாகக் குறிக்காதவராக இருக்க வேண்டும்.